கப்பு அவருக்கு... மார்க்கு யாருக்கு?

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு பக்கம் வந்திருக்கீங்களா? வரிசைகட்டி நிற்கிற கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு திருவொற்றியூர் பக்கம் திரும்பினால் எங்க டீக்கடை. அங்கே ஒரு கோர்ட்டே நடந்துகொண்டிருக்கும். ஜட்ஜ் கிடையாது, எல்லாருமே வக்கீல்! முட்டி வரைக்கும் மண்ணு, கையில் டீ, வாயில் ஃபுட்பால்.

போன வாரம் வந்த கேஸ் கொஞ்சம் சீரியஸ். முந்தின நாள்தான் எங்க ஏரியா செவன்ஸ் டோர்னமென்ட் ஃபைனல். பெனால்டி ஷூட்-அவுட்டில் எங்க டீம் தோத்துப்போச்சு. தோத்ததுகூடப் பரவாயில்லை பாஸ். மேடையில் ‘சிறந்த கோச்’னு ஒரு ஷீல்டு கொடுத்தாங்க. யாருக்கு? வேற யாருக்கு... ஜெயிச்ச டீம் கோச்சுக்கு!

எங்க கோச்சை நாங்க அண்ணன்னுதான் கூப்பிடுவோம். கன்டெய்னர் யார்டில் ஷிப்ட் வேலை. நைட் ஷிப்ட் முடிச்சுட்டு, தூங்காமல் நேரா கிரவுண்டுக்கு வருவார். ரெண்டு மாசம் முன்னாடி அவர் டீமைக் கையில் எடுத்தபோது பிராக்டிஸுக்கு வந்தது மொத்தமே ஆறு பேர். செவன்ஸ் ஆடவே ஏழு பேர் வேணும், கணக்குப் பாருங்க! ஃபைனல் அன்னைக்கு பெஞ்சில் உட்கார இடம் இல்லாமல் பசங்க சண்டை போட்டுக்கிட்டாங்க. (அந்த பெஞ்சில் நிரந்தர உறுப்பினர் அடியேன்தான்.)

“கப்பு எவன்கிட்ட இருக்கோ அவன்தான் பெஸ்ட் கோச். இதுல பேச இன்னா இருக்கு?” என்றான் ஒரு நண்பன்.

“அப்போ அண்ணன் பண்ணதெல்லாம்?”

“அது வேற மச்சி. அதுக்கெல்லாம் ஷீல்டு குடுக்க மாட்டாங்க.”

எனக்குத் தூக்கம் வரலை. நான் படிக்கிறதோ மெக்கானிக்கல் இன்ஜினீயரிங். ஒரு மெஷின் நல்ல மெஷினா, ஓட்டை மெஷினா என்று சொல்ல எங்களுக்கு ஃபார்முலா இருக்கு. ஒரு கோச்சுக்கு இருக்காதா? எங்க ஏரியா டோர்னமென்ட்டை ஓரமா வெச்சுட்டு, ஊரே பார்த்த பெரிய மேட்ச்களை எடுத்துக்கிட்டு உட்கார்ந்தேன். கேள்வி இதுதான்: தமிழ்நாட்டு டீம்களை நடத்தின கோச்களில், ஒரே ஒரு சீசனில் அதிகமா சாதிச்சது யார்?

இங்கிலாந்துக்காரங்க ‘மேனேஜர்’ என்பாங்க. நமக்கு கோச்தான். ஷார்ட் லிஸ்ட்டில் நாலு பேர். வாங்க, ஒவ்வொருத்தரா கூண்டில் ஏத்துவோம்!

1. மார்கோ மட்டராஸி – சென்னையின் எஃப்.சி., 2015

2006 உலகக்கோப்பை ஃபைனலில் ஜிடேன் தலையால் முட்டித் தள்ளினாரே, அந்த இத்தாலிக்காரரேதான். 2015 ஐ.எஸ்.எல். சீசனில் முதல் 10 மேட்ச்சில் சென்னையின் எஃப்.சி. எடுத்தது 10 பாயின்ட். டேபிளில் அடிமட்டம். அப்புறம்தான் மேஜிக். மிச்சமிருந்த 4 மேட்ச்சையும் ஜெயிச்சு, 22 பாயின்ட்டோட செமி ஃபைனலுக்குள் நுழைஞ்சாங்க.

அந்த டிசம்பரை நம்ம ஊரில் யார் மறக்க முடியும்? சென்னையே வெள்ளத்தில் மிதந்தது. சொந்த ஊரில் நடக்க வேண்டிய செமி ஃபைனலைப் புனேவில் ஆட வேண்டிய நிலைமை. அங்கே கொல்கத்தாவை 3-0 என்று சாய்ச்சாங்க. டிசம்பர் 20, கோவாவில் ஃபைனல். கடைசி சில நிமிஷம் இருக்கும்போது எஃப்.சி. கோவாதான் 2-1 முன்னிலை. 90-வது நிமிஷத்தில் கோவா கோல்கீப்பர் கட்டிமணி கை பட்டு பந்து அவர் வலைக்குள்ளேயே போச்சு. எக்ஸ்ட்ராவாகக் கொடுத்த நிமிஷங்களில் மெண்டோசா ஒரு கோல். 3-2. கப்!

2. ஜான் கிரிகரி – சென்னையின் எஃப்.சி., 2017-18

இங்கிலாந்தில் ஆஸ்டன் வில்லா டீமை நடத்தினவர். 2016-ல் 8 டீமில் 7-வதாக முடிச்ச சென்னையின் எஃப்.சி.யைக் கையில் எடுத்தார். 18 மேட்ச், 32 பாயின்ட், டேபிளில் 2-வது இடம். செமி ஃபைனல் இரண்டாவது மேட்ச்சில் கோவாவை 3-0 என்று விரட்டினப்போ, ஒரு கோலைத் தலையால் முட்டிப் போட்டது யார் தெரியுமா? நம்ம வியாசர்பாடி தனபால் கணேஷ்! நேரு ஸ்டேடியத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஏரியாவின் பையன்.

2018 மார்ச் 17, பெங்களூருவில் ஃபைனல். எதிரில் லீகில் 40 பாயின்ட் எடுத்து முதலிடத்தில் இருந்த பெங்களூரு எஃப்.சி. 9-வது நிமிஷமே சுனில் சேத்ரி கோல் போட்டுட்டார். ஆனாலும் மெய்ல்சன் ஆல்வெஸ் தலையால் ரெண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒண்ணு. எதிராளி ஊரிலேயே 3-2. ரெண்டாவது கப்.

3. அக்பர் நவாஸ் – சென்னை சிட்டி எஃப்.சி., 2018-19

இது ஐ-லீக் கதை. சிங்கப்பூர்க்காரர். முந்தின சீசனில் சென்னை சிட்டி 10 டீமில் 8-வது. பேர் சென்னை, ஹோம் கிரவுண்டு கோயம்புத்தூர். ஸ்பெயினிலிருந்து சில ஆட்டக்காரர்கள், கூடவே எட்வின் சிட்னி வான்ஸ்பால் மாதிரி நம்ம ஊர்ப் பசங்க. கலந்துகட்டி அடிச்சாங்க. பெட்ரோ மான்ஸி மட்டும் 21 கோல்!

2019 மார்ச் 9, கடைசி நாள். சென்னை சிட்டி ஜெயிச்சால் கப். டிரா ஆனாலும், கோழிக்கோட்டில் அதே நேரம் ஆடிக்கிட்டிருந்த ஈஸ்ட் பெங்கால் ஜெயிச்சால் கப் அவங்களுக்கு. மூணாவது நிமிஷமே மினர்வா பஞ்சாப் ஒரு கோல் போட்டாச்சு. பாதி ஆட்டம் வரை 0-1. கோயம்புத்தூரே நகத்தைக் கடிச்சது. அப்புறம் மான்ஸி பெனால்டியில் ஒண்ணு, கௌரவ் போரா ரெண்டு. 3-1! அங்கே ஈஸ்ட் பெங்காலும் ஜெயிச்சது. ஆனால் 43-க்கு 42. ஒரே பாயின்ட்டில் ஐ-லீக் முதல் முறையா தமிழ்நாட்டுக்கு வந்தது.

4. ஓவன் கோய்ல் – சென்னையின் எஃப்.சி., 2019-20

இவர்தான் லிஸ்ட்டில் கப் இல்லாத ஆள். அப்புறம் ஏன் சேர்த்தேன்? கதையைக் கேளுங்க.

அந்த சீசனை ஆரம்பிச்சது அதே ஜான் கிரிகரி. முதல் 4 மேட்ச்சில் ஒரு கோல்கூட இல்லை. 6 மேட்ச்சில் 5 பாயின்ட். கிரிகரி கிளம்பிட்டார். டிசம்பர் தொடக்கத்தில், பாதி டிராமா ஓடினதுக்கு அப்புறம் மேடை ஏறின ஹீரோ மாதிரி கோய்ல் வந்தார். பர்ன்லி, போல்டன் டீம்களை நடத்தின ஸ்காட்லாந்துக்காரர். அவர் நடத்தின 12 லீக் மேட்ச்சில் 24 பாயின்ட். கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸை 6-3 என்று துவைச்சாங்க. நாலாவது இடம் பிடிச்சு, செமி ஃபைனலில் அந்த வருஷ லீக் ஷீல்டு ஜெயிச்ச கோவாவை ரெண்டு மேட்ச்சும் சேர்த்து 6-5 என்று தாண்டினாங்க.

ஃபைனல், 2020 மார்ச் 14, கோவா. கொரோனா பயத்தில் கேலரி மொத்தமும் காலி. காலி ஸ்டேடியத்தில் ஏ.டி.கே.கிட்ட 1-3 தோல்வி. கப் இல்லை, கைதட்ட ஆளும் இல்லை.

ஃபார்முலா டைம்!

பயப்படாதீங்க, ஆர்ட்ஸ் காலேஜ் பசங்களுக்கும் புரியும். மெஷினின் எஃபிஷியன்சி என்றால் என்ன? உள்ளே போட்டதில் எவ்வளவு உருப்படியா வெளியே வந்தது என்பதுதானே? ஒரு ஜெயிப்புக்கு 3 பாயின்ட். ஆக, எடுக்கக்கூடிய மொத்தப் பாயின்ட்டில் எத்தனை சதவீதம் எடுத்தாங்க என்று போட்டேன்.

மட்டராஸி: 42-க்கு 22. அதாவது 52 சதவீதம்.
கிரிகரி: 54-க்கு 32. 59 சதவீதம்.
கோய்ல்: 36-க்கு 24. 67 சதவீதம்.
அக்பர் நவாஸ்: 60-க்கு 43. 72 சதவீதம்!

இந்த 72 எவ்வளவு பெருசுன்னு தெரியணுமா? 2015-16-ல் உலகமே வாயைப் பிளந்த லெஸ்டர் சிட்டி கதை ஞாபகம் இருக்கா? முந்தின சீசனில் 14-வது இடம். பந்தயக்காரங்க ஒண்ணுக்கு 5,000 தர்றோம்னு சிரிச்ச டீம். கிளாடியோ ரனியேரி அதை இங்கிலீஷ் பிரீமியர் லீக் சாம்பியன் ஆக்கினார். 38 மேட்ச்சில் 81 பாயின்ட். கணக்குப் போட்டால் 71 சதவீதம். நம்ம கோயம்புத்தூர் கணக்கும் அதே ரேஞ்ச்!

அப்போ அக்பர் நவாஸ்தான் ஃபர்ஸ்ட் ரேங்க், கட்டுரை முடிஞ்சதுன்னு பக்கத்தைத் திருப்பாதீங்க. இங்கேதான் எனக்கு ஒரு டவுட் வந்தது.

மார்க் டீமுக்கா, கோச்சுக்கா?

லேபில் முதல் நாளே சொல்லித் தருவாங்க: ஒரு விஷயத்தால் என்ன ஆச்சுன்னு தெரியணுமா? அதை மட்டும் மாத்து, மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும். ரெண்டு மூணு விஷயத்தைச் சேர்த்து மாத்திட்டு ரிசல்ட் பார்த்தால், எதனால் வந்ததுன்னு யாருக்குமே தெரியாது. எக்ஸ்டர்னல் வந்தால் மார்க் காலி!

அந்தக் கண்ணாடி வழியா திரும்பப் பாருங்க. சென்னை சிட்டி 8-வது இடத்திலிருந்து முதலிடத்துக்கு வந்தது உண்மை. ஆனால் கோச் மட்டுமா மாறினார்? ஸ்பெயின் ஆட்டக்காரங்க வந்தாங்க, டீமே புதுசாச்சு. அதில் அக்பர் நவாஸ் பங்கு எவ்வளவு, மான்ஸி பங்கு எவ்வளவுன்னு பிரிக்கவே முடியாது. கிரிகரிக்கும் இதே கதைதான். புது சீசன், புது ஆட்டக்காரங்க.

மட்டராஸி? கடைசி நாலு மேட்ச் நூத்துக்கு நூறு. ஆனால் முதல் பத்து மேட்ச்சில் 33 சதவீதம் எடுத்தது யார்? அவரேதான்! பள்ளம் வெட்டினதும் அவர், தாண்டினதும் அவர். தாண்டினதுக்குக் கைதட்டலாம், ரேங்க் கொடுக்க முடியுமா?

மிச்சம் கோய்ல். அவருக்குக் கிடைச்சது கிரிகரி சேர்த்து வெச்ச அதே டீம்தான். வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, சாங்தே, அனிருத் தாபா, அக்பர் நவாஸ்கிட்ட ஐ-லீக் ஜெயிச்சுட்டு வந்த அதே எட்வின்... எல்லாரும் ஏற்கெனவே அங்கே இருந்தவங்க. ஆட்டக்காரங்களை அவர் தேர்ந்தெடுக்கலை. சீசனுக்கு முன்னாடி நடக்கிற ரெண்டு மாச பிராக்டிஸும் அவருக்குக் கிடைக்கலை. அதே டீம், அதே சீசன், அதே கிரவுண்டு. மாறினது ஒரே ஒரு நாற்காலி. ரிசல்ட்? 28 சதவீதத்திலிருந்து 67. நாலு மேட்ச்சில் ஒரு கோல்கூடப் போடாத டீமிலிருந்துதான், 15 கோல் போட்டு வால்ஸ்கிஸ் அந்த சீசனின் தங்கக் காலணியை வாங்கினார்.

லேப் ரெக்கார்டில் எழுதுற மாதிரி இவ்வளவு சுத்தமான எக்ஸ்பெரிமென்ட் மத்த மூணு பேர் கதையில் இல்லை. ஆக என் தீர்ப்பு: டீமாகப் பார்த்தால் பெரிய சாதனை 2018-19 சென்னை சிட்டியோடது. கோச்சாகப் பார்த்தால், ஃபர்ஸ்ட் ரேங்க் கப் வாங்காத ஓவன் கோய்லுக்கு!

அப்ஜெக்‌ஷன், யுவர் ஆனர்!

டீக்கடையில் இதைச் சொன்னதும் நாலு பக்கமும் அடி. சும்மா சொல்லக் கூடாது, எல்லாமே நியாயமான அடி.

“பன்னெண்டு மேட்ச்சை வெச்சு எப்படிடா சொல்ற? யாரு வந்திருந்தாலும் அந்த டீம் எழுந்திருக்கும்.” ஒத்துக்கிறேன். மோசமான லக் எப்பவும் மோசமாவே இருக்காது. வால்ஸ்கிஸ் மாதிரி ஒருத்தர் சீசன் முழுக்க கோல் போடாமல் இருந்திருக்க மாட்டார். ஆனால் கொஞ்சம் தேறுறது வேற, அடிமட்டத்திலிருந்து ஃபைனல் வரைக்கும் போறது வேற.

“அப்புறம் அதே கோய்ல் இங்கே திரும்பி வந்தாரே, அப்போ இன்னா ஆச்சு?” இது செம பாயின்ட். நடுவில் ஜாம்ஷெட்பூருக்குப் போய் 2021-22-ல் லீக் ஷீல்டு ஜெயிச்சார். 2023-ல் சென்னைக்கே திரும்பினார். 2023-24-ல் ஆறாவது இடம், 2024-25-ல் 11-வது இடம். அதே கோச், அதே கிளப். மேஜிக் வரலை. ஏன்னா ஒரு சீசனில் நடக்கிறது அந்த சீசனோட சேர்ந்தது. மட்டராஸி 2015-ல் சாம்பியன், 2016-ல் ஏழாவது. கிரிகரி 2018-ல் சாம்பியன், அடுத்த சீசன் 18 மேட்ச்சில் 9 பாயின்ட், கடைசி இடம். ரனியேரி கப் வாங்கின ஒன்பதே மாசத்தில் லெஸ்டர் அவரை வீட்டுக்கு அனுப்பிச்சது. சென்னை சிட்டி டீமே 2020-21-க்கு அப்புறம் ஐ-லீக்கில் இல்லை. நாம கேட்டது ஒரு சீசன் கணக்கு. அதுக்கு மட்டும்தான் இந்த மார்க்.

மூணாவது அடிதான் பலமா விழுந்தது. அதுவரைக்கும் பேசாமல் டீ குடிச்சுக்கிட்டிருந்த ஒரு பெரியவர் கேட்டார்: “தம்பி, அந்த கணேஷுன்னு சொன்னியே... தலையால முட்றதுக்கு அந்தப் புள்ளைக்குக் கத்துக்குடுத்தது யாரு? அந்த வெள்ளைக்காரரா?”

சரியான கேள்வி. கிரிகரி கைக்கு வந்தபோது தனபால் கணேஷ் ரெடிமேட் ஆட்டக்காரர். அவரை ரெடி பண்ணினது வியாசர்பாடி மண்ணு. காலையில் பசங்களை எழுப்பி கிரவுண்டுக்குக் கூட்டிட்டு வர்ற கோச்களுக்கு அந்த ஏரியாவில் பஞ்சமே இல்லை. அவங்களுக்கு லீக் டேபிள் கிடையாது, பாயின்ட் கிடையாது, டிவியில் பேர் வராது. கோய்ல் பக்கத்தில் துணைக் கோச்சாக உட்கார்ந்திருந்தவரும் நம்ம ஆள்தான், இந்திய டீமுக்கு ஆடின சையது சபீர் பாஷா. ஒரு சீசனில் ஒருத்தர் அறுவடை பண்ணணும்னா, பத்து சீசன் முன்னாடி யாரோ விதைச்சிருக்கணும். என் ஃபார்முலாவில் அதுக்கு இடமே இல்லை. ஒத்துக்கிறேன்.

எங்க அண்ணனுக்கு எத்தனை மார்க்?

மறுநாள் சாயங்காலம் இந்தக் கணக்கெல்லாம் எழுதின நோட்டோட அண்ணனைப் பார்க்கப் போனேன். யார்டுக்குக் கிளம்ப ரெடியா, ஹெல்மெட்டைக் கையில் வெச்சுக்கிட்டு நின்னார். கோய்ல் கதையைச் சொன்னேன். ஒரே டீம், ஒரே கிரவுண்டு, மாறினது ஒரே நாற்காலி என்று விளக்கினேன். “அந்தக் கணக்குப்படி நீங்கதான் பெஸ்ட் கோச்ணா. ஆறு பேர்ல ஆரம்பிச்சு ஃபைனல் வரைக்கும் போயிட்டீங்க. ஷீல்டு உங்களுக்குத்தான் வந்திருக்கணும்.”

நோட்டை வாங்கிப் பார்த்தார். சதவீதத்தையெல்லாம் விரலால் தடவிக்கிட்டே படிச்சார். சந்தோஷப்படுவார், தோளைத் தட்டுவார் என்று நினைச்சேன்.

“இதுல ஒண்ணு வுட்டுட்ட தம்பி.”

“இன்னாண்ணா?”

“பெனால்டி வெளிய அடிச்சானே, அவன் இன்னிக்கு பிராக்டிஸுக்கு வரலை. வீட்டுக்குப் போனேன். எவனோ கிண்டல் பண்ணியிருக்கானாம், வர மாட்டேன்றான். நாளைக்குக் காலைல அவன் கிரவுண்டுக்கு வந்தா எனக்கு பாஸ் மார்க். வரலைன்னா இந்த சீசன்ல நான் ஃபெயிலு.”

ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு பைக்கை ஸ்டார்ட் பண்ணிட்டார்.

கோய்லுக்கு நான் கொடுத்த ஃபர்ஸ்ட் ரேங்க்கை வாபஸ் வாங்கப் போறதில்லை. அந்தக் கணக்கு சரிதான். ஆனால் உங்க ஏரியாவிலேயும் ஒரு அண்ணன் இருப்பார். உங்க காலேஜ் டீமை, தெரு டீமை, யாரும் கேட்காத ஒரு ஜூனியர் டீமை ஓட்டிக்கிட்டிருப்பார். அடுத்த தடவை அவர் டீம் தோத்தால், ஸ்கோரைக் கேட்கிறதுக்கு முன்னாடி அவர்கிட்ட இந்த ரெண்டு கேள்வி கேளுங்க: ஆரம்பிச்சப்போ எத்தனை பேர் இருந்தாங்க? இன்னைக்கு எத்தனை பேர் இருக்காங்க?

அப்புறம், அந்தப் பையன் மேட்டர்? செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு நானே அவன் வீட்டுக் கதவைத் தட்டினேன். பத்து நிமிஷம் முறைச்சான். அப்புறம் ஷூவைத் தேடினான். கிரவுண்டுக்குப் போனதும் அண்ணன் அவனிடம் ஒரு வார்த்தைகூடப் பேசலை. பந்தை எடுத்து பெனால்டி ஸ்பாட்டில் வெச்சுட்டு, கோல் போஸ்ட்டில் போய் அவரே நின்னார்.

முதல் பந்து வெளியே. ரெண்டாவது பந்து அண்ணன் கையில். மூணாவது உள்ளே!